கோர்ட் ஆர்டர் போட்டாச்சு, அப்புறம்?

நீதிமன்றம் பெரிதா, நாடாளுமன்றம் பெரிதா என்று டிவியில் நாலு பேர் உட்கார்ந்து கத்துகிற விவாதத்தைக் கேட்டு அலுத்துப்போனவர்கள், வடசென்னையின் இரண்டு சட்டமன்றத் தொகுதிகளில் 2015 முதல் 2019 வரை நடந்ததை வரிசையாக நினைத்துப் பார்த்தாலே போதும். ஆர்.கே. நகர் ஒன்று, பெரம்பூர் இன்னொன்று.

கதை டெல்லியில் தொடங்குகிறது. 2013 ஜூலையில் லில்லி தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் இருந்த 8(4) என்ற ஒரே ஒரு உட்பிரிவை ரத்து செய்தது. அதுவரை எம்.எல்.ஏ.வோ எம்.பி.யோ வழக்கில் தண்டனை பெற்றாலும் மூன்று மாதத்துக்குள் அப்பீல் போட்டுவிட்டால் பதவியில் தொடரலாம், அப்பீல் முடியும்வரை யாரும் அசைக்க முடியாது. அந்த வசதி போனது. அடுத்த வருடம் செப்டம்பர் 27 அன்று பெங்களூரு தனி நீதிமன்றம் ஜெயலலிதாவுக்கு நாலு வருடம் தண்டனை கொடுத்ததும் ஸ்ரீரங்கம் தொகுதியும் முதல்வர் நாற்காலியும் கையோடு போயின. 2015 மே மாதம் கர்நாடக உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. அவர் திரும்பி வர ஒரு தொகுதி வேண்டும், ஆர்.கே. நகர் எம்.எல்.ஏ. வெற்றிவேல் ராஜினாமா செய்தார், ஜூன் 27-இல் இடைத்தேர்தல். கொருக்குப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் திடீரென்று சாலைக்குத் தார் வந்தது என்றால் அதற்கு மூலகாரணம் டெல்லியில் ரத்தான ஒரு உட்பிரிவுதான் என்று சொன்னால் கொஞ்சம் மிகையாகத் தெரியலாம், ஆனால் கணக்கு அப்படித்தான் வருகிறது.

அதே வெற்றிவேல் 2016-இல் பெரம்பூரில் நின்று ஜெயித்தார். 2017 செப்டம்பர் 18-இல் சபாநாயகர் கட்சித் தாவல் தடைச் சட்டப்படி தகுதிநீக்கம் செய்த 18 எம்.எல்.ஏ.க்களில் அவரும் ஒருவர். வழக்கு பாரிமுனையில் இருக்கிற சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. மறு உத்தரவு வரும்வரை அந்த 18 தொகுதிகளிலும் இடைத்தேர்தல் அறிவிக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. 2018 ஜூனில் இரண்டு நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதினார்கள். மூன்றாவது நீதிபதி அக்டோபரில் சபாநாயகர் செய்தது சரி என்றார். இடைத்தேர்தல் 2019 ஏப்ரலில்தான் நடந்தது. ஒன்றரை வருடத்துக்கும் மேலாகப் பெரம்பூருக்கு எம்.எல்.ஏ. இல்லை. சட்டம் என்ன சொல்கிறது என்று கண்டுபிடிக்க ஆன காலம் அது. அவ்வளவு நாளும் அந்தத் தொகுதி மக்களுக்குச் சட்டமன்றத்தில் குரல் இல்லாமல் இருந்ததை யாருடைய கணக்கில் எழுதுவது?

இந்தக் கதையில் யார் யார் என்ன வேலை பார்த்தார்கள் என்று கவனியுங்கள். சட்டத்தில் ஓட்டையை வைத்தது நாடாளுமன்றம், அடைத்தது நீதிமன்றம். கட்சித் தாவல் தடைச் சட்டத்தில் நீதிபதி மாதிரி உட்கார்ந்து தீர்ப்பு சொன்னவர் சட்டமன்றத்தின் சபாநாயகர். (இந்த வேலையைச் செய்யும்போது சபாநாயகர் ஒரு தீர்ப்பாயம்தான், அதனால் அவர் முடிவை நீதிமன்றம் பரிசீலிக்கலாம் என்று 1992-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.) தேர்தலை நடத்திய தேர்தல் ஆணையம் இந்த மூன்று தூண் எதிலும் சேராத தனி ஆள், 2017 ஏப்ரலில் பணப் பட்டுவாடா காரணமாக ஆர்.கே. நகர் தேர்தலையே அது ரத்து செய்தது நினைவிருக்கும். பள்ளிக்கூடப் பாடத்தில் படித்த சட்டமியற்றும் துறை, நிர்வாகத் துறை, நீதித் துறை என்ற மூன்று பெட்டிகள் நிஜத்தில் இப்படி ஒன்றுக்குள் ஒன்று கலந்துதான் கிடக்கின்றன.

கலந்து கிடப்பது தற்செயல் இல்லை. அரசியல் நிர்ணய சபையில் 1948 டிசம்பரில் கே.டி. ஷா என்ற உறுப்பினர், மூன்று துறைகளும் முழுக்கத் தனித்தனியாக இருக்க வேண்டும் என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார், சபை ஏற்கவில்லை. அமெரிக்காவில் அதிபரின் அமைச்சர் நாடாளுமன்ற உறுப்பினராக இருக்க முடியாது, இங்கே எம்.எல்.ஏ.வாகவோ எம்.பி.யாகவோ இல்லாமல் ஆறு மாதத்துக்கு மேல் அமைச்சராக இருக்க முடியாது. நிர்வாகமும் சட்டமன்றமும் ஏறக்குறைய ஒரே ஆட்கள். அதனால்தான் நம்முடைய ஏற்பாட்டில் நீதிமன்றத்தின் மீது இவ்வளவு பாரம் விழுகிறது. பெரும்பான்மை வைத்திருக்கிற கட்சிக்கு சட்டமன்றத்தில் யாரும் கடிவாளம் போட முடியாது, மிச்சம் இருப்பது கோர்ட்டுதான்.

அரசமைப்புச் சட்டம் ஒரே ஒரு பிரிவினையை மட்டும் வெளிப்படையாகக் கேட்டது. 50-ஆவது கூறு: அரசின் நிர்வாகத்திலிருந்து நீதித்துறையைப் பிரிக்க வேண்டும். வெள்ளைக்காரன் காலத்துக் கலெக்டர் வரி வசூலிப்பார், போலீஸை மேய்ப்பார், அவரே மாஜிஸ்திரேட்டாகவும் உட்காருவார். அதை உடைப்பதுதான் நோக்கம். 1974-இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம் நாடு முழுவதும் நீதித்துறை நடுவர், நிர்வாகத் துறை நடுவர் என்று இரண்டாகப் பிரித்தது. காகிதத்தில் பிரச்சினை தீர்ந்தது.

வடசென்னையில் தீரவில்லை. வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு பக்கம் 'ஒன் டென்' என்று சொன்னால் சட்டம் தெரியாத பையனுக்கும் புரியும். மேலே சொன்ன சட்டத்தின் 110-ஆவது பிரிவு அது. ஸ்டேஷனில் ஏற்கெனவே பெயர் பதிவாகியிருக்கிற ஆளைக் கூப்பிட்டு, இவ்வளவு காலம் ஒழுங்காக இருப்பேன் என்று நன்னடத்தைப் பிணைப் பத்திரம் எழுதி வாங்குவார்கள். அந்தக் காலத்துக்குள் இன்னொரு வழக்கில் பெயர் வந்தால் பத்திரத்தை மீறியதாகச் சொல்லி, மிச்சமிருக்கிற நாள் முழுக்க உள்ளே வைக்கலாம். இன்னொரு வழக்கில் பெயர் வந்தால் என்றுதான் சொல்கிறேன், குற்றம் நிரூபணமானால் என்று சொல்லவில்லை. இந்தப் பத்திரத்தை எழுதி வாங்க வேண்டியவர் நிர்வாகத் துறை நடுவர். மற்ற மாவட்டங்களில் அது ஆர்.டி.ஓ., தாசில்தார் மாதிரியான வருவாய்த் துறை அதிகாரி. 2013-லும் 2014-லும் போடப்பட்ட அரசாணைகள் அந்த அதிகாரத்தைக் காவல் துணை ஆணையர்களுக்கே கொடுத்தன. அதாவது இன்ஸ்பெக்டர் அறிக்கை அனுப்புவார், அவருடைய மேலதிகாரியான டி.சி. விசாரிப்பார், டி.சி.யே ஜெயிலுக்கு அனுப்பும் உத்தரவில் கையெழுத்துப் போடுவார். பிடிப்பதும் போலீஸ், வாதாடுவதும் போலீஸ், தீர்ப்பு சொல்வதும் போலீஸ். மூன்று துறை எங்கே, ஒரு ஸ்டேஷன் எல்லைக்குள்ளேயே எல்லாம் முடிந்துவிடும்.

2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் அமர்வு இந்த அரசாணைகளை ரத்து செய்தது. காவல்துறைக்கு நடுவர் அதிகாரம் கொடுப்பது அதிகாரப் பிரிவினைக்கே விரோதம் என்பதுதான் காரணம். அந்தத் தீர்ப்புக்கு டிவியில் விவாதம் நடந்ததாக எனக்கு நினைவில்லை. ஆளுநர் வழக்குக்கு இரவெல்லாம் பேசினார்கள். ஆனால் அதிகாரப் பிரிவினை என்பது ஒரு மனிதன் ராத்திரி வீட்டில் தூங்குவானா, புழல் சிறையில் தூங்குவானா என்பதைத் தீர்மானிக்கிற விஷயம் என்பதற்கு இதைவிட நேரான உதாரணம் எனக்குத் தெரியாது. 2024 ஜூலை முதல் புதிய நடைமுறைச் சட்டம் வந்து 110 என்பது 129 ஆகிவிட்டது, தெருவில் எண் மாற இன்னும் பத்து வருடமாவது ஆகும்.

குண்டாஸ் விஷயம் வேறு. 1982-ஆம் வருடத்துத் தமிழ்நாடு சட்டம் 14-இன்படி சென்னை போலீஸ் கமிஷனர் ஒருவரை விசாரணை இல்லாமல் அடைத்து வைக்க உத்தரவு போடலாம், ஒரு வருடம் வரை. தடுப்புக் காவலை அரசமைப்புச் சட்டமே அனுமதிக்கிறது. அனுமதித்துவிட்டு, மூன்று மாதத்துக்கு மேல் போனால் உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர்களோ இருக்கத் தகுதியுள்ளவர்களோ கொண்ட ஆலோசனைக் குழுமம் பார்க்க வேண்டும் என்று ஒரு கட்டுப்பாட்டையும் வைத்தது. நடைமுறையில் ஆட்கொணர்வு மனு போட்டு ஐகோர்ட்டில்தான் பெரும்பாலும் வெளியே வருகிறார்கள். மனுவைப் பரிசீலிக்கத் தாமதித்தார்கள், கொடுத்த ஆவணத்தின் நகல் படிக்க முடியவில்லை என்ற மாதிரிக் காரணங்களுக்காக உத்தரவு ரத்தாகும். ரத்தாவதற்குள் பல மாதம் உள்ளே போயிருக்கும். நிர்வாகத்துக்கு அந்தப் பல மாதம் போதும். ரத்து செய்கிற அதிகாரம் இருந்தும் அது நேரத்துக்கு வராவிட்டால், தடுத்து வைத்தவர் நினைத்தது நடந்தேவிடுகிறது.

தடுப்புக் காவல் பற்றிய சுதந்திர இந்தியாவின் முதல் பெரிய வழக்கே மெட்ராஸ் மேல்தான். ஏ.கே. கோபாலன் எதிர் மெட்ராஸ் மாநிலம், 1950. கம்யூனிஸ்ட் தலைவர் கோபாலன் மெட்ராஸ் மாகாணச் சிறையிலிருந்து வழக்குப் போட்டார், தோற்றார். சட்டம் முறைப்படி இயற்றப்பட்டிருந்தால் போதும், அது நியாயமானதா என்று பார்ப்பது எங்கள் வேலை இல்லை என்கிற மாதிரி அன்றைய உச்ச நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது. அந்த நிலையை விட்டு வர 1978-இல் மேனகா காந்தி வழக்கு வரைக்கும் ஆனது. இடையில் நெருக்கடி நிலை. ஒன்பது உயர் நீதிமன்றங்கள், மிசா என்ற தடுப்புக் காவல் சட்டத்தில் அடைக்கப்பட்ட கைதிகளின் மனுவைக் கேட்கலாம் என்று சொன்ன பிறகும், 1976 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் 4-க்கு 1 என்று கேட்க முடியாது என்றது. மாறாக எழுதிய எச்.ஆர். கன்னாவைத் தாண்டி அவருக்கு இளையவரைத் தலைமை நீதிபதி ஆக்கினார் இந்திரா காந்தி, கன்னா ராஜினாமா செய்தார். நீதிமன்றம் எப்போதும் மக்கள் பக்கம் என்று யாராவது சொன்னால் இந்த ஒரு தேதியை நினைவுபடுத்தலாம்.

முதல் சில வருடங்களில் பெரிய வழக்குகளில் எல்லாம் எதிர்த்தரப்பாக மெட்ராஸ் மாநிலமே நிற்பதைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். ரொமேஷ் தாப்பர் நடத்திய இடதுசாரி வார இதழை மெட்ராஸ் அரசு உள்ளே விடவில்லை, 1950-இல் தடை ரத்து. வி.ஜி. ராவ் என்ற சென்னை வக்கீல் சம்பந்தப்பட்ட ஒரு கல்விச் சங்கத்தைச் சட்டவிரோதம் என்று அரசு அறிவித்தது, 1952-இல் அதுவும் ரத்து. அந்த ராவ் வழக்கில் தீர்ப்பு எழுதியவர் தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி, நம்ம ஊர்க்காரர். அடிப்படை உரிமைகளுக்கு நீதிமன்றம் விழிப்பான காவலாளி என்று அவர் சொன்னதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அதே தீர்ப்பில், ஒரு கட்டுப்பாடு நியாயமானதா என்று எடைபோடும்போது மக்கள் தேர்ந்தெடுத்தவர்களில் பெரும்பான்மையோர் அதைத் தேவை என்று நினைத்தார்கள் என்பதையும் நீதிபதி மனதில் வைக்க வேண்டும், அரசமைப்புச் சட்டம் தன்னைப்போல் நினைக்கிறவர்களுக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல என்ற பொருளிலும் எழுதியிருக்கிறார். அந்தப் பகுதியை யாரும் சொல்வதில்லை.

சரி, நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது, அதோடு முடிந்ததா? சண்பகம் துரைராஜன் வழக்கைப் பாருங்கள். மெட்ராஸில் கல்லூரி இடங்களை 14, 14-ஆகப் பிரித்து, பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என்று வகுப்புவாரி அரசாணை இருந்தது. மருத்துவக் கல்லூரியில் சேர அது தடையாக இருக்கிறது என்று வழக்கு வந்தது. மனுதாரர் அந்தக் கல்லூரிக்கு விண்ணப்பமே போட்டிருக்கவில்லை, அது தீர்ப்பிலேயே இருக்கிறது. 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அரசாணையைத் தூக்கியெறிந்தது. இங்கே பெரிய கொந்தளிப்பு, பெரியார் தெருவில் இறங்கினார், ஜூன் 18-இல் முதல் அரசமைப்புத் திருத்தம் அமலுக்கு வந்துவிட்டது. 15(4) என்று ஒரு புது உட்கூறு. இடஒதுக்கீட்டுக்கு வழி திறந்தது. மூன்று மாதம்கூட ஆகவில்லை. இதைப் பார்த்து, நீதிமன்றம் தோற்றது என்று சொல்வது தவறு. அன்றைக்கு எழுதப்பட்டிருந்த சட்டம் என்ன சொன்னது என்று நீதிமன்றம் சொன்னது, அப்படியானால் எழுத்தை மாற்றுகிறோம் என்று மக்கள் பிரதிநிதிகள் மாற்றினார்கள். இரண்டு பேரும் அவரவர் வேலையைச் செய்திருக்கிறார்கள். (திருத்தம் கொண்டுவந்த அதே நாடாளுமன்றம், சந்தடி சாக்கில் பேச்சுரிமைக்கும் புதுக் கட்டுப்பாடுகளைச் சேர்த்தது வேறு கதை.)

ஜல்லிக்கட்டும் அதே வகைதான். 2014-இல் உச்ச நீதிமன்றம் தடை செய்தது, 2017 ஜனவரியில் மெரினா, மாநிலம் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியது, குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது, 2023 மே மாதம் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்றது. தீர்ப்புக்கு எந்தச் சட்டம் அடித்தளமோ அந்தச் சட்டத்தை மாற்றலாம். 'தீர்ப்பு செல்லாது' என்று வெறுமனே ஒரு சட்டம் போட முடியாது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் இந்த விஷயம் முழுவதற்கும் சாவி என்று நினைக்கிறேன்.

அந்த வித்தியாசத்தை விடாமல் கேட்டுக்கொண்டிருப்பது யார் தெரியுமா? உயர் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிற மெட்ராஸ் பார் அசோசியேஷன். வரி, கம்பெனி, ராணுவம் என்று ஒவ்வொரு துறைக்கும் நீதிமன்றத்துக்குப் பதிலாகத் தீர்ப்பாயங்களை மத்திய அரசு உண்டாக்கியது. வழக்கு சீக்கிரம் முடியும், நிபுணர்கள் இருப்பார்கள், நல்லதுதான். ஆனால் இந்தத் தீர்ப்பாயங்களில் பெரும்பாலும் ஒரு தரப்பு அரசாங்கமே. அதே அரசாங்கம் உறுப்பினரை நியமிக்கும், குறுகிய பதவிக்காலம் கொடுக்கும், நீட்டிப்பதும் அதன் கையில் என்றால் தீர்ப்பு எழுதுகிறவரின் கண் எங்கே இருக்கும்? 2010, 2014, 2020 என்று வரிசையாக இந்தச் சங்கம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. நாலு வருடப் பதவிக்காலம், குறைந்தபட்ச வயது 50 என்று 2021-இல் வந்த அவசரச் சட்டத்தை ஜூலையில் நீதிமன்றம் ரத்து செய்தது. ஆகஸ்டிலேயே நாடாளுமன்றம் ஏறக்குறைய அதே ஷரத்துகளை வைத்து ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. குறையைச் சரிசெய்யவில்லை, அடித்தளத்தை மாற்றவில்லை, அதையே மறுபடி எழுதிக்கொண்டு வந்தார்கள். 2025 நவம்பர் 19-இல் அதுவும் ரத்தானது. முதல் திருத்தத்தையும் இதையும் பக்கத்தில் வைத்தால், பெரும்பான்மை இருக்கிறது என்பதற்காக நாடாளுமன்றம் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பது தெளிவாகத் தெரிகிறது.

அரசமைப்பையே திருத்திவிட்டால்? அதற்குத்தான் 1973 ஏப்ரல் 24-இல் கேசவானந்த பாரதி தீர்ப்பு. 13 நீதிபதிகள், 7-க்கு 6. திருத்தலாம், அடிப்படைக் கட்டமைப்பை அழிக்க முடியாது. அதிகாரப் பிரிவினையும் அந்தக் கட்டமைப்பில் ஒன்று என்பது பின்னால் உறுதியானது. அடிப்படைக் கட்டமைப்பு என்றால் என்ன என்ற பட்டியல் எங்கேயும் இல்லை, அதை நீதிபதிகளே அவ்வப்போது சொல்வார்கள் என்பது இதில் உள்ள நெருடல். 2007-இல் கோயெலோ எதிர் தமிழ்நாடு என்ற வழக்கில் (கூடலூர் ஜன்மம் நிலங்கள் பற்றியது) ஒன்பது நீதிபதிகள், அந்த 1973 தேதிக்குப் பிறகு, நீதிமன்றம் ரத்து செய்ய முடியாதபடி சட்டங்களைப் பாதுகாக்க வைத்த ஒன்பதாவது அட்டவணையில் போட்ட சட்டத்தையும் பரிசீலிக்கலாம் என்றார்கள். நம்முடைய 69 சதவீத இடஒதுக்கீட்டுச் சட்டம் 1994-இல் அந்த அட்டவணையில் ஏறியது என்பதால், இது கூடலூர்க்காரர்களின் பிரச்சினை மட்டும் இல்லை.

இதுவரை சொன்னதெல்லாம் நீதிமன்றம் 'கூடாது' என்று சொன்ன இடங்கள். 'செய்' என்று சொல்லத் தொடங்கும்போது கதை மாறுகிறது. நீதிமன்றத்திடம் போலீஸ் கிடையாது, பட்ஜெட் கிடையாது, புல்டோசரும் கிடையாது. 'கூடாது' என்பதற்கு அதெல்லாம் தேவையில்லை. 'செய்' என்பதற்கு எல்லாமே தேவை, அவையெல்லாம் நிர்வாகத்திடம்தான் இருக்கின்றன.

2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை இருக்கக் கூடாது என்றது. அதுவும் தமிழ்நாடு எதிர் பாலு என்று நம்ம ஊர்ப் பெயரில் வந்த வழக்குதான். நோக்கம் நல்ல நோக்கம், குடித்துவிட்டு வண்டி ஓட்டி நடக்கிற விபத்தைக் குறைப்பது. பார்க்க 'கூடாது' மாதிரி இருந்தாலும் எத்தனை மீட்டர், எந்தத் தேதிக்குள், எந்த ஊருக்கு விலக்கு என்று ஒரு கொள்கையே எழுதிவிட்டார்கள். 2017 ஏப்ரலில் தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட டாஸ்மாக் கடைகள் மூடின. மூடிய கடைகளுக்கு உள்தெருக்களில், குடியிருப்புகளுக்குப் பக்கத்தில் இடம் தேடினார்கள், ஊர் ஊராகப் பெண்கள் கடையை முற்றுகையிட்டார்கள். அப்புறம் நகராட்சி எல்லைக்குள் இது பொருந்தாது என்று உச்ச நீதிமன்றமே ஜூலையில் விளக்கம் கொடுத்தது. 500 மீட்டரா 220 மீட்டரா என்று தீர்மானிப்பது சட்டக் கேள்வியே இல்லை. அதைச் சட்டமன்றத்தில் ஒரு அமைச்சர் அறிவித்திருந்தால் அவரை நாம் கேட்கலாம், அடுத்த தேர்தலில் தோற்கடிக்கலாம். நீதிபதியை யார் கேட்பது?

இன்னொரு பக்கம் இதைவிட மோசம். நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்று என்று கோர்ட் உத்தரவு வரும். பெரிய கட்டடத்தை விட்டுவிட்டுக் கால்வாய் ஓரத்துக் குடிசையில் நோட்டீஸ் ஒட்டுவார்கள். "நாங்க என்னம்மா பண்றது, கோர்ட் ஆர்டர்" என்று வட்டார அலுவலகத்தில் சொல்வார்கள், கவுன்சிலரும் அதையே சொல்வார், எம்.எல்.ஏ.வும் அதையே சொல்வார். எந்த இடத்திலிருந்து தொடங்குவது, மாற்று வீடு எங்கே கொடுப்பது, பிள்ளைகளின் பரீட்சை முடிகிறவரை பொறுப்பதா என்பதெல்லாம் நிர்வாகத்தின் முடிவு, உத்தரவில் பெரும்பாலும் இருக்காது. ஆனால் உத்தரவு ஒரு கேடயமாகிவிடுகிறது. 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் பக்கிங்ஹாம் கால்வாய் ஓரத்து வீடுகளை உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் இடித்தபோது ஒருவர் தீக்குளித்து இறந்தார். அதே கால்வாய் வடக்கே கொருக்குப்பேட்டை, எண்ணூர் வரை ஓடுகிறது, கரையில் வீடுகளும் இருக்கின்றன. ஓட்டுக்குப் பயப்பட வேண்டியவர் ஓட்டே தேவைப்படாதவரின் பின்னால் ஒளிந்துகொள்ள முடிகிறது என்றால், நீதிமன்றத்தின் அதிகாரம் கூடியதாக நமக்குத் தோன்றும், உண்மையில் தப்பித்தது நிர்வாகம்.

அதற்காக நீதிமன்றம் எதையும் செய்யச் சொல்லக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எண்ணூரில் இருப்பவரிடம் போய் அப்படிச் சொல்ல முடியுமா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து கொசஸ்தலை ஆற்றின் கழிமுகம் முழுக்கப் படர்ந்தது. மீனவர்கள் மக்கையும் வாளியையும் வைத்துக் கையால் அள்ளினார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தாமாக முன்வந்து வழக்கு எடுத்தது. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு பெரியகுப்பத்தில் கடலுக்கடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து மக்கள் ஊரைவிட்டு ஓடியபோதும் அதுதான் முன்வந்தது. அந்தத் தாமாக முன்வரும் அதிகாரமே 2021 அக்டோபரில்தான் உச்ச நீதிமன்றத்தால் உறுதியானது. அதிகாரிகள் தேதி சொல்லி, அறிக்கை கொடுத்து, காரணம் சொல்ல வேண்டிய ஓர் இடம் கிடைத்தது என்பதே பெரிய விஷயம். எண்ணெயை அள்ளியது தீர்ப்பாயம் இல்லைதான். ஆனால் யாருடைய எண்ணெய் என்ற கேள்வியை மூடிவிட முடியாமல் செய்தது.

2025-இல் நடந்த ஆளுநர் விவகாரத்தையும் இதே கண்ணோடு பார்க்கலாம். 2023 நவம்பரில் ஆளுநர் 10 மசோதாக்களுக்கு ஒப்புதல் இல்லை என்றார், சட்டமன்றம் அதே மாதம் மறுபடி நிறைவேற்றியது, அவர் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். 2025 ஏப்ரல் 8-இல் உச்ச நீதிமன்றத்தின் பர்திவாலா, மகாதேவன் அமர்வு இது சட்டவிரோதம் என்றது. 'கூடாது' என்ற பகுதி அது. அதோடு நிற்காமல், முழுமையான நீதி வழங்கத் தேவையான உத்தரவை உச்ச நீதிமன்றம் போடலாம் என்கிற 142-ஆவது கூறைப் பயன்படுத்தி 10 மசோதாக்களும் ஒப்புதல் பெற்றதாகக் கருதப்படும் என்றும், ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் காலக்கெடு என்றும் சொன்னது. தமிழ்நாட்டில் பட்டாசு வெடிக்காத குறை. எனக்கும் சந்தோஷம்தான், ஆனால் கையெழுத்துப் போட வேண்டியவருக்குப் பதிலாக நீதிமன்றமே கையெழுத்துப் போட்டது போல் இருக்கிறதே, நாளைக்கு நமக்குப் பிடிக்காத ஒன்றுக்கும் இதையே செய்தால் என்ன சொல்வோம் என்ற உறுத்தலும் இருந்தது. குடியரசுத் தலைவர் 14 கேள்விகள் அனுப்பினார். நவம்பர் 20-இல் ஐந்து நீதிபதிகள் பதில் சொன்னார்கள்: நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, கருதப்படும் ஒப்புதல் என்பதும் கிடையாது; ஆனால் ஆளுநர் மசோதாவைத் திருப்பி அனுப்பாமலே வைத்துக்கொண்டு கொல்லவும் முடியாது; காரணமில்லாமல் நீண்ட காலம் சும்மா இருந்தால், நியாயமான காலத்துக்குள் முடிவெடுங்கள் என்று மட்டும் நீதிமன்றம் சொல்லலாம். நியாயமான காலம் என்றால் எத்தனை நாள் என்பதற்கு மறுபடி ஒரு வழக்குப் போட வேண்டும், அதற்கு எத்தனை நாள் ஆகும் என்று பெரம்பூர்க்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

நீதிபதிகளை யார் நியமிப்பது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் யாருக்கும் நல்ல பதில் இல்லை. 1993-இலிருந்து கொலீஜியம், அதாவது மூத்த நீதிபதிகளே தேர்ந்தெடுப்பது. அதை மாற்ற நாடாளுமன்றம் கொண்டுவந்த நியமன ஆணையத்தை 2015-இல் உச்ச நீதிமன்றம் 4-க்கு 1 என்று ரத்து செய்தது. தன் வழக்கில் தானே தீர்ப்பு சொன்ன மாதிரி இருக்கிறது என்ற விமர்சனத்தில் நியாயம் உண்டு. ஆனால் அரசாங்கம் கைகட்டி நிற்கிறது என்று நினைக்க வேண்டாம். சென்னைக்குத் தலைமை நீதிபதியாக நீதிபதி முரளிதரை 2022 செப்டம்பரில் கொலீஜியம் பரிந்துரைத்தது, மத்திய அரசு பதிலே சொல்லவில்லை, அடுத்த ஏப்ரலில் பரிந்துரையைத் திரும்பப் பெற்றார்கள். சென்னையின் தலைமை நீதிபதியாக இருந்த தஹில்ரமானியை 2019-லும் சஞ்ஜீப் பானர்ஜியை 2021-லும் மேகாலயாவுக்கு மாற்றியது கொலீஜியமேதான், முன்னவர் ராஜினாமா செய்தார், இரண்டு தடவையும் பாரிமுனை வக்கீல்கள் போராடினார்கள். காரணம் வெளியே வராத நியமனமும் இடமாற்றமும் அரசு செய்தாலும் தப்பு, நீதிபதிகள் செய்தாலும் தப்பு. தன்னிடம் வருகிற எல்லோரிடமும் காரணம் கேட்கிற அமைப்பு அது.

கொடுங்கையூரில் குப்பை எரிஉலை வேண்டாம் என்கிறவர்களோ எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பல் வேண்டாம் என்கிறவர்களோ "ஒரு கேஸ் போட்டால் என்ன?" என்று கேட்கும்போது, இதிலிருந்து நடைமுறைக்கு எடுத்துக்கொள்ள சில விஷயங்கள் இருக்கின்றன. 226-ஆவது கூறின்கீழ் உயர் நீதிமன்றத்துக்கு இருக்கிற அதிகாரம், 32-இன்கீழ் உச்ச நீதிமன்றத்துக்கு இருப்பதைவிட அகலமானது. அடிப்படை உரிமை மட்டுமல்ல, சட்டப்படியான வேறு உரிமைக்கும் ரிட் போடலாம், டெல்லிக்கு ஓட வேண்டியதில்லை. அனுமதி கொடுத்த முறையில் சட்டமீறல் இருந்தால், மக்கள் கருத்துக் கேட்பு ஒழுங்காக நடக்கவில்லை என்றால், ஸ்டே கிடைக்க வாய்ப்பு உண்டு. எரிஉலைக்குப் பதிலாக என்ன திட்டம் வேண்டும் என்று நீதிபதியை எழுதச் சொன்னால், அதை எழுத வேண்டியவர் ரிப்பன் மாளிகையில் நிம்மதியாக இருப்பார். அந்தக் கோரிக்கையை மாநகராட்சிக் கூட்டத்துக்கும் சட்டமன்றத்துக்கும்தான் கொண்டுபோக வேண்டும். உத்தரவு கிடைத்துவிட்டால், எந்த அதிகாரி, எந்தத் தேதிக்குள் என்ற இரண்டும் அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இல்லையென்றால் வக்கீலிடம் சொல்லி அந்த வாய்தாவிலேயே கேட்டு வாங்குங்கள். நீதிமன்ற அவமதிப்பு மனுவுக்கு ஒரு வருடம்தான் காலவரம்பு, கெடு தவறிய நாளிலிருந்து.